சளி நெகட்டிவ், டயாலிசிஸ், சர்க்கரை: எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.

#1 மெடிசின்_பிஜி

விவாதத்துக்காக ஒரு கற்பனை நோயாளி. 56 வயது ஆண், 165 செ.மீ. உயரம், 46 கிலோ எடை. 15 வருடச் சர்க்கரை, வாரம் 3 முறை டயாலிசிஸ். நாலு வாரமாக மாலையில் காய்ச்சல், பசி இல்லை, இருமல் கொஞ்சம்தான். ஆக்சிஜன் அளவு 93%. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிழல், கூடவே கொஞ்சம் நீர். மைக்ரோஸ்கோப்பில் சளி இரண்டு முறையும் நெகட்டிவ். நிமோனியா என்று லெவோஃப்ளாக்சசின் 7 நாள் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது, பத்து நாளில் திரும்பி வந்துவிட்டது. எச்ஐவி இல்லை, முன்பு டி.பி. வந்ததில்லை.

இப்போது எடுக்கும் மருந்துகள்: கிளிமிபிரைடு 2 மி.கி., இரவில் கிளார்ஜின் இன்சுலின், ஆம்லோடிபின் 10 மி.கி., செவலமர் (பாஸ்பேட்டைப் பிடிக்கும் மாத்திரை), இரும்பு ஊசி, எரித்ரோபாய்ட்டின் (இரத்தசோகைக்கு).

கேள்விகள் மூன்று. இவருக்கு டி.பி. இல்லை என்று விடலாமா? இருந்தால் எந்த அளவில் மருந்து? ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளை என்ன செய்வது? எச்ஐவி, ஸ்டீராய்டு, பயாலஜிக் ஊசி (எதிர்ப்புச் சக்தியை அடக்குவது) போடுபவர்கள் பற்றியும் சேர்த்தே பேசலாம்.

#2 நெஞ்சுநோய்_டாக்டர்

விடக் கூடாது. சந்தேகம் கூடத்தான் செய்கிறது.

லெவோஃப்ளாக்சசினுக்குக் காய்ச்சல் இறங்கி, நிறுத்தியதும் திரும்புவதே டி.பி.யின் பக்கம் கை காட்டும் அடையாளம். அது டி.பி. கிருமியையும் கொல்லும் மருந்து. ஒரு வாரம் கொடுத்தால் கிருமி எண்ணிக்கை சரியும், சளி நெகட்டிவ் ஆகும், நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். அதைவிட மோசம், தனியாக ஒரே மருந்தைத் தின்ற கிருமிக்கு அந்த மருந்தின் மேல் எதிர்ப்பு உருவாகலாம். நாளைக்கு மருந்து எதிர்ப்பு டி.பி. என்று வந்தால் நமக்குத் தேவைப்படும் மருந்தே அதுதான். சர்க்கரை, டயாலிசிஸ், ஸ்டீராய்டு, எச்ஐவி நோயாளிக்கு நிமோனியா என்று எழுதும்போது குயினலோன் குடும்பத்தை (லெவோஃப்ளாக்சசின் வகை) தொடாமல் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் அல்லது செஃப்ட்ரியாக்சோன் என்று தொடங்குவது நல்லது. சளியை எடுத்துவிட்டு மருந்து கொடுங்கள், மருந்து கொடுத்துவிட்டுச் சளியைத் தேடாதீர்கள்.

எக்ஸ்ரே பற்றி. மேல் மடலில் குழி இருந்தால்தான் டி.பி. என்பது எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும் ஆளுக்கான படம். குழியை உண்டாக்குவது கிருமி மட்டுமில்லை, நம் உடம்பின் எதிர்ப்பும்தான். எதிர்ப்பு இல்லாதவரிடம் குழி குறைவு, கீழ்ப்பகுதி நிழல், நிணநீர்க் கட்டி, நீர், தினை விதைபோல் சிதறிய புள்ளிகள் எல்லாம் வரும். சர்க்கரை நோயாளி நடுவில் நிற்பவர்: குழியும் வரும், ஆனால் கீழ்ப்பகுதியில் வந்து ஏமாற்றும்.

டயாலிசிஸ் நோயாளியிடம் இன்னொரு பொறி உண்டு. காய்ச்சல் என்றாலே கதீட்டர் தொற்று, நுரையீரலில் நீர் என்றாலே உப்புநீர் தேக்கம். இரண்டுமே அங்கே சகஜம், அதனால்தான் டி.பி. மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். இரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, நீரை நன்றாக இழுத்த பிறகும் நிழல் போகவில்லை என்றால் அடுத்த ஆன்டிபயாட்டிக்கை எழுதாதீர்கள்.

#3 சளிக்குப்பி

லேப் பக்கமிருந்து. மைக்ரோஸ்கோப்பில் கிருமி தெரிய ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமி வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்ட்டுக்கு நூறு சொச்சம் போதும். அதன் அல்ட்ரா கார்ட்ரிட்ஜுக்கு 16 அளவில் இருந்தாலே பிடிக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் சளியில் கிருமி குறைவு. அதனால் இவர்களுக்கு மைக்ரோஸ்கோப்பை முதல் டெஸ்ட்டாக வைப்பதே வீண். நேராக சிபிநாட் அல்லது அதே வகையான ட்ரூநாட். மீதிச் சளியைத் திரவக் கல்ச்சருக்கு அனுப்புங்கள். கல்ச்சர் நெகட்டிவ் என்று சொல்ல 42 நாள் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது, ஆனால் மூன்றாம் மாதத்தில் குழப்பம் வந்தால் அந்த முடிவுதான் கைகொடுக்கும்.

இனி சாம்பிள். பாதிப் பிரச்சினை இங்கேதான். கடைசியில் பழி மட்டும் மெஷின் மேல்.

2 முதல் 5 மில்லி வேண்டும். காலையில் எழுந்ததும் எடுத்த ஒன்று, வந்த இடத்தில் எடுத்த ஒன்று. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்து, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்பச் சொல்லுங்கள். திறந்தவெளியில் எடுக்க வேண்டும். வார்டிலோ கழிவறையிலோ கூடாது. நுரைத்த எச்சில் வந்தால் திருப்பி அனுப்புவோம். உடனே அனுப்ப முடியாவிட்டால் 2–8 டிகிரியில் வையுங்கள். ஃபார்மலின் ஊற்றிவிட்டால் கல்ச்சர் அவ்வளவுதான்.

இருமலே வராதவருக்கு 3% உப்புநீரை நெபுலைசரில் 15 முதல் 20 நிமிடம் கொடுத்து எடுக்கலாம். அதற்கு முன் சால்பியூட்டமால் கொடுத்துவிடுங்கள், மூச்சுக்குழாய் சுருங்காமல் இருக்கும். ஆக்சிஜன் 93% உள்ளவருக்கு இதை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யவும். ஒரு விஷயம்: இப்படி வரும் சாம்பிள் தண்ணியாகத்தான் இருக்கும். ஃபாரத்தில் ‘உப்புநீர் நெபுலைசருக்குப் பின் எடுத்தது’ என்று எழுதாவிட்டால் எச்சில் என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள். அதுவும் முடியாவிட்டால் பிராங்கோஸ்கோபி செய்து கழுவி எடுத்த நீர். நுரையீரல் உறை நீரை மட்டும் அனுப்பிவிட்டு சிபிநாட் நெகட்டிவ் என்று நிம்மதி அடைய வேண்டாம், அந்த நீரில் கிருமி மிகக் குறைவு.

#4 மெடிசின்_பிஜி

அல்ட்ராவில் ‘ட்ரேஸ்’ என்று வந்தால்?

#5 சளிக்குப்பி

ட்ரேஸ் என்றால், கிருமியில் பல நகல்களாக இருக்கும் மரபணுப் பகுதி பிடிபட்டது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பைக் காட்டும் பகுதி பிடிபடவில்லை என்று பொருள். ஆகவே ரிஃபாம்பிசின் முடிவு ‘தெரியவில்லை’ என்றுதான் வரும். அதை ‘எதிர்ப்பு இல்லை’ என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எச்ஐவி உள்ளவர், குழந்தை, நுரையீரலுக்கு வெளியே எடுத்த சாம்பிள், இந்த மூன்றிலும் ட்ரேஸ் வந்தாலே டி.பி. என்று எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குப் புது சாம்பிளில் மறுபடி போடுங்கள். கடந்த சில வருடங்களில் டி.பி. சிகிச்சை முடித்தவர் என்றால் செத்த கிருமியின் டிஎன்ஏ கூட ட்ரேஸ் காட்டும். அதே காரணத்தால்தான் சிகிச்சை நடக்கும்போது முன்னேற்றம் பார்க்க சிபிநாட் போடக் கூடாது என்கிறோம். அதற்கு மைக்ரோஸ்கோப்பும் கல்ச்சரும்தான்.

தலைகீழான ஒன்றும் உண்டு: மைக்ரோஸ்கோப்பில் பாசிட்டிவ், சிபிநாட்டில் நெகட்டிவ். பழைய மூச்சுக்குழாய் விரிவு நோய் உள்ளவரிடமும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடமும் இது வந்தால் டி.பி. அல்லாத மைக்கோபாக்டீரியாவை (டி.பி. கிருமியின் உறவுக் கிருமிகள்) நினையுங்கள். அங்கே நாலு மருந்தைத் தொடங்கி ஆறு மாதம் ஓட்டினால் பலன் இருக்காது.

#6 ஏஆர்டி_மையம்

எச்ஐவி பக்கம் சுருக்கமாக. சிடி4 (எதிர்ப்பணு எண்ணிக்கை) 200-க்குக் கீழே போனால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் சளியில் டி.பி. வரும். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை, இந்த நாலில் ஒன்று இருந்தாலே சளி எடுத்துவிட வேண்டும். இரண்டு வாரம் இருமட்டும் என்று காத்திருக்கும் கணக்கு இங்கே கிடையாது.

சளி வராதவருக்குச் சிறுநீரில் டி.பி. கிருமியின் உறைப்பொருளைத் தேடும் லாம் பட்டை டெஸ்ட் இருக்கிறது. 60 மைக்ரோலிட்டர் சிறுநீர், 25 நிமிடத்தில் படிக்க வேண்டும், 35 நிமிடத்துக்கு மேல் போனால் படிக்கக் கூடாது. உள்நோயாளி என்றால் டி.பி. அறிகுறி இருந்தாலோ, உடல்நிலை மோசமாக இருந்தாலோ, சிடி4 200-க்குக் கீழ் இருந்தாலோ போடலாம். வெளிநோயாளிக்கு அந்த எல்லை 100. பாசிட்டிவ் என்றால் மருந்தைத் தொடங்கலாம். நெகட்டிவ் என்றால் எதுவும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். எச்ஐவி இல்லாதவருக்கு இந்த டெஸ்ட் உதவாது, ஆகவே #1 நோயாளிக்கு வேண்டாம். அவருக்குச் சிறுநீரும் அதிகம் வராது.

#7 எஸ்டிஎஸ்_பைக்

தமிழ்நாட்டில் 2022-லிருந்து ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ ஓடுகிறது. டி.பி. என்று தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்க வேண்டியவை: உடல் எடைக் குறியீடு 14-க்குக் கீழா, அல்லது 16-க்குக் கீழே இருந்து இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா, நிமிடத்துக்கு மூச்சு 24-க்கு மேலா, ஆக்சிஜன் 94%-க்குக் கீழா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா. ஒன்று இருந்தாலும் அட்மிஷன் வசதி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். #1 நோயாளி எடைக் குறியீடு 16.9, அதில் தப்புகிறார். ஆக்சிஜன் 93%, அதில் மாட்டுகிறார். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் ஆள் இல்லை இவர்.

அரசின் டி.பி. பதிவுத் தளமான நிக்ஷயில் பதியும்போது சர்க்கரை, எச்ஐவி கட்டங்களை நிரப்பி விடுகிறோம். டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், ஸ்டீராய்டு எல்லாம் குறிப்பில் எழுதினால்தான் மாத்திரை எடுக்கும் இடத்தில் தெரியும். வங்கிக் கணக்கையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய்.

#8 கூட்டுமருந்து

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். சாதாரணமாக 35–49 கிலோ உள்ளவருக்கு நாலு மருந்துக் கூட்டு மாத்திரை தினம் 3. ஒரு மாத்திரையில் ஐசோநியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைராசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மி.கி. ஆக மூன்று மாத்திரையில் 225, 450, 1200, 825. டயாலிசிஸ் நோயாளிக்கு இந்த அட்டையைத் தினமும் கொடுத்தால் கடைசி இரண்டும் உடம்பில் தேங்கும். எத்தாம்பியூட்டால் கண் நரம்பைத் தாக்கும், பைராசினமைடு யூரிக் அமிலத்தையும் மூட்டு வலியையும் ஏற்றும். அதனால் இவருக்குக் கூட்டு மாத்திரை கிடையாது, தனித்தனி மாத்திரைதான். மாவட்ட காசநோய் மையத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும், டயாலிசிஸ் நாள் காலையில் தேடினால் கிடைக்காது.

46 கிலோவுக்குக் கணக்கு:

ரிஃபாம்பிசின் 450 மி.கி. தினமும். கல்லீரல் வழியே போவது, குறைக்க வேண்டாம்.

ஐசோநியாசிட் கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 230. 100 மி.கி. மாத்திரை இரண்டு போட்டால் 4.3 வருகிறது, 4–6 என்ற வரம்புக்குள். 300 போட்டால் 6.5. கைகால் எரிச்சல் ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்காரருக்கு வரம்பைத் தாண்ட எனக்கு மனமில்லை. தினமும்.

பைராசினமைடு கிலோவுக்கு 25–35, வாரம் 3 முறை மட்டும். 1250 அல்லது 1500.

எத்தாம்பியூட்டால் வாரம் 3 முறை. வழிகாட்டிகள் 15-லிருந்து 25 வரை வேறுபடும். 800 மி.கி. மாத்திரை ஒன்று என்றால் 17.

கூடவே பைரிடாக்சின் (வைட்டமின் பி6). டயாலிசிஸில் அது கழுவிப் போகும், சர்க்கரையும் இருக்கிறது, எனவே 10 மி.கி. போதாது, 25 முதல் 50.

வாரம் 3 முறை என்பது அளவைக் குறைப்பது இல்லை, இடைவெளியைக் கூட்டுவது. இதில்தான் அடிக்கடி தவறு: ‘கிட்னி பேஷன்ட்’ என்று சொல்லி 1500-ஐ 750 ஆக்கித் தினமும் கொடுப்பார்கள். இரத்தத்தில் உச்ச அளவு எட்டாமல் கிருமி சாகாது, தேக்கமும் தீராது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

#9 டயாலிசிஸ்_சிஸ்டர்

டி.பி. மருந்து எல்லாவற்றையும் டயாலிசிஸ் முடிந்த பிறகு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் பைராசினமைடில் பெரும்பகுதி மெஷினில் போய்விடும். செவ்வாய், வியாழன், சனி மாதிரி இடைநாட்களில் ரிஃபாம்பிசினும் ஐசோநியாசிடும் மட்டும். நாங்கள் செய்வது, அந்த மூன்று நாள் மாத்திரையை எங்கள் கையால் யூனிட்டிலேயே விழுங்க வைப்பது. நேரடிக் கண்காணிப்புக்கு இதைவிடச் சுலபமான இடம் இல்லை. டயாலிசிஸுக்கு வராமல் விட்டால் அன்றைய பைராசினமைடு, எத்தாம்பியூட்டாலை வீட்டிலேயே போட்டுவிடச் சொல்லாதீர்கள். முந்தியது இன்னும் உள்ளே இருக்கும். வந்து முடித்த பிறகுதான்.

உலர் எடையை (கூடுதல் நீரை இழுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) பற்றி யாரும் சொல்லவில்லையே. டி.பி.யில் சதை கரையும். நாம் பழைய 50 கிலோவையே உலர் எடையாக வைத்திருந்தால், சதை போன இடத்தில் தண்ணீர் உட்கார்ந்திருக்கும். எடை குறையாத மாதிரி தெரியும், மூச்சுத் திணறும், எக்ஸ்ரேயில் நீர் தெரியும். #1-இல் உள்ள நீரில் எவ்வளவு டி.பி., எவ்வளவு தேக்கம் என்று பார்க்க முதலில் உலர் எடையை அரை அரைக் கிலோவாக இறக்கிப் பார்க்க வேண்டும். சிகிச்சை பிடித்து சாப்பிட ஆரம்பித்தால் எதிர்ப்பக்கம்: எடை நிஜமாகவே ஏறும், அதையும் தண்ணீர் என்று இழுத்துவிட்டால் பிரஷர் விழும்.

தொற்றுக்கு: தனி அறை இருந்தால் தனி அறை. இல்லாவிட்டால் கடைசி ஷிஃப்டில், ஜன்னல் ஓரக் கட்டிலில். நோயாளிக்கு சர்ஜிக்கல் மாஸ்க், எங்களுக்கு என்95. ஒரே ஹாலில் நாலு மணி நேரம், வாரம் மூன்று நாள், பக்கத்துக் கட்டிலில் இன்னொரு எதிர்ப்புச் சக்தி இல்லாதவர். ஏசி ஹால்களில் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள், அதற்குச் சண்டை போடத்தான் வேண்டும்.

#10 இனிப்பு_குறை

சர்க்கரைக்கு வருவோம். ரிஃபாம்பிசின் கிளிமிபிரைடைக் கல்லீரலில் வேகமாக உடைத்துவிடும், கூடவே டி.பி. காய்ச்சல் சர்க்கரையை ஏற்றும். டயாலிசிஸில் உள்ளவருக்கு அந்த மாத்திரையே வசதியானதில்லை, நிறுத்திவிட்டு முழுக்க இன்சுலினுக்கு மாற்றுங்கள். மெட்ஃபார்மின் சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு நல்ல துணை, ரிஃபாம்பிசினோடு பெரிய தகராறு இல்லை. வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனவருக்குக் கூடாது. லினாகிளிப்டின் ரிஃபாம்பிசினோடு வலுவிழக்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை எடையைக் குறைக்கும். எடை ஏற வேண்டிய ஆளுக்கு அது எதற்கு?

எச்பிஏ1சியை (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) நம்ப வேண்டாம். இரத்தசோகை, எரித்ரோபாய்ட்டின், டயாலிசிஸ் மூன்றும் சேர்ந்தால் அது பொய்யாகக் குறைந்து காட்டும். விரல் நுனி அளவுகளை எழுதி வைத்துப் பாருங்கள்.

எச்சரிக்கை ஒன்று. முதல் மாதம் இன்சுலின் ஏறும். காய்ச்சல் அடங்கிய பிறகு அதே யூனிட்டைத் தொடர்ந்தால் நள்ளிரவில் சர்க்கரை விழும். டயாலிசிஸ் நோயாளிக்கு இன்சுலின் உடம்பில் நெடுநேரம் நிற்கும் என்பதால் இன்னும் ஆபத்து. மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறையாவது அளவைத் திருத்த வேண்டும்.

கண்ணையும் சொல்லிவிடுகிறேன். எத்தாம்பியூட்டால் தொடங்கும் முன்பே விழித்திரைப் பரிசோதனை, பார்வை அட்டை, நிறப் புத்தகம் மூன்றையும் பதிந்து வையுங்கள். ஆரம்ப நிலை தெரியாவிட்டால் மூன்றாம் மாதம் ‘மங்கலா இருக்கு’ என்று சொல்பவருக்கு அது சர்க்கரையா மருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது.

#11 கூட்டுமருந்து

#10-க்குச் சேர்த்து: ரிஃபாம்பிசின் ஆம்லோடிபினையும் தின்றுவிடும். பத்துப் பதினைந்து நாளில் பிரஷர் 190-க்குப் போகும், எல்லோரும் தண்ணீரைக் குறை சொல்வார்கள். பிரஷர் மாத்திரையைத் திருத்தும்போது இந்தக் குடும்பத்துக்கு வெளியே தேடுங்கள்.

வார்ஃபரின், லெவோதைராக்சின், கருத்தடை மாத்திரை, பிரெட்னிசோலோன், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், வோரிகொனசோல் எல்லாம் இதே கதை. வோரிகொனசோலை ரிஃபாம்பிசினோடு சேர்க்கவே கூடாது. ஐசோநியாசிட் எதிர்த்திசையில்: ஃபெனிட்டாயினை ஏற்றிவிடும், தள்ளாட்டம் வந்தால் அதைப் பாருங்கள்.

சிறுநீரகம் மாற்றியவருக்கு ரிஃபாம்பிசின் கொடுத்து டாக்ரோலிமஸை அப்படியே விட்டால் இரண்டு வாரத்தில் உறுப்பு நிராகரிப்புதான். டாக்ரோலிமஸ் பல மடங்கு ஏற்ற வேண்டிவரும், வாரம் இருமுறை அளவு பார்க்க வேண்டும். ரிஃபாபியூட்டின் கிடைத்தால் அதற்கு மாறுவது மேல், அந்தத் தின்னும் வேகம் அதில் குறைவு.

செவலமர், கால்சியம், வாய்வழி இரும்பு மூன்றும் குயினலோனைக் குடலிலேயே கட்டிப்போடும். லெவோஃப்ளாக்சசின் சேர்க்க வேண்டி வந்தால் இரண்டு மணி நேர இடைவெளி. டயாலிசிஸில் அதற்கும் கணக்கு வேறு, 750–1000 மி.கி. வாரம் மூன்று முறை.

#12 மூட்டுவலி_கிளினிக்

ஸ்டீராய்டில் இருப்பவருக்கு டி.பி. வந்தால் செய்யக்கூடாத முதல் காரியம் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது. இரண்டாவது, அளவை மாற்றாமல் விடுவது. ரிஃபாம்பிசின் தொடங்கியதும் பிரெட்னிசோலோனின் வீரியம் பாதியாகிவிடும். லூபஸ் (ஸ்டீராய்டு கொடுத்து அடக்கி வைத்த நோய்) எகிறும், இல்லையென்றால் அட்ரினல் தளர்ந்து பிரஷர் விழும். பொதுவாக இரட்டிப்பாக்குகிறோம்.

இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஊசி தொடங்கும் முன் எக்ஸ்ரே, தோல் டெஸ்ட் அல்லது ஐக்ரா (டி.பி. தொற்றைத் தேடும் இரத்த டெஸ்ட்). பிரெட்னிசோலோன் 15 மி.கி. ஒரு மாதம் எடுத்தவருக்குத் தோல் டெஸ்ட்டில் 5 மி.மீ. தடிப்பே பாசிட்டிவ். ஐக்ரா ‘முடிவு சொல்ல இயலாது’ என்று வந்தால் அது நெகட்டிவ் அல்ல. எதிர்ப்பணுக்களே மெஷினுக்குப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். முடிந்தவரை ஸ்டீராய்டு ஏற்றுவதற்கு முன்பே இந்த டெஸ்ட்டுகளை எடுத்துவிடுங்கள்.

பாசிட்டிவ் என்றால் தடுப்பு மருந்து. ஐசோநியாசிட் 900 + ரிஃபாபென்டின் 900 வாரம் ஒரு முறை 12 வாரம், அல்லது ஐசோநியாசிட் 300 தினமும் 6 மாதம். ஒரு மாதம் போன பிறகு பயாலஜிக் தொடங்கலாம். மறைந்திருக்கும் டி.பி. என்று நினைத்து வெளிப்பட்ட நோய்க்கு ஒரே மருந்து கொடுத்துவிடக் கூடாது, எக்ஸ்ரேயில் சின்ன சந்தேகம் இருந்தாலும் சிடி ஸ்கேன், சளி.

#13 நெஞ்சுநோய்_டாக்டர்

#12 சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்த டெஸ்ட்டுகள் தொற்று இருக்கிறதா என்று சொல்பவை, நோய் இருக்கிறதா என்று சொல்பவை அல்ல. #1 நோயாளிக்கு ஐக்ரா போட்டு நெகட்டிவ் வந்தது, அதனால் டி.பி. இல்லை என்று யாரும் எழுத வேண்டாம். சிறுநீரகச் செயலிழப்பில் எதிர்வினை அமுங்கிப்போவது தெரிந்த விஷயம்.

#14 மெடிசின்_பிஜி

சர்க்கரை உள்ளவர்களுக்கு 6 மாதம் போதுமா, 9 மாதமா?

#15 இனிப்பு_குறை

என் ஓட்டு 9. சர்க்கரை உள்ளவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்தாயிற்று. ரிஃபாம்பிசின் இரத்த அளவும் சிலரிடம் குறைவாகவே ஏறுகிறது.

#16 நெஞ்சுநோய்_டாக்டர்

மன்னிக்கவும், சர்க்கரை என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரையும் 9 மாதத்துக்கு இழுப்பதை ஏற்க முடியவில்லை. மூன்று மாதம் கூடினால் கல்லீரல், கண், மாத்திரை விட்டுப்போவது எல்லாம் கூடும். நீட்ட வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுக்கலாம்: தொடக்க எக்ஸ்ரேயில் குழி இருந்து, இரண்டாம் மாத முடிவில் கல்ச்சரும் பாசிட்டிவ் என்றால் 9. பைராசினமைடே கொடுக்க முடியாமல் போனாலும் 9. சிலிக்கோசிஸ் (கல்தூசியால் வரும் நுரையீரல் நோய்) இருந்தால் குறைந்தது இரண்டு மாதம் கூட்டுவது உண்டு. எச்ஐவியில் ஏஆர்டி (எச்ஐவிக்கான மருந்துகள்) ஒழுங்காக ஓடினால் 6 போதும்.

இரண்டாம் மாதம் சளி பாசிட்டிவ் என்றால் முதலில் மாதங்களை நீட்டாதீர்கள், எதிர்ப்பு டெஸ்ட்டைப் போடுங்கள். அதோடு, வாந்தி எடுக்கிறாரா, எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்று அட்டையை எண்ணுங்கள்.

#17 இனிப்பு_குறை

குழி + கல்ச்சர் வரை ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி சர்க்கரை 300-இல் நிற்கும் ஆளை 6 மாதத்தில் விட எனக்கு இன்னும் தயக்கம்தான்.

#18 உணவுத்தட்டு

ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு 2023-இல் வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5% கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61% குறைவாக இருந்தது. #1 நோயாளிக்கு அது 2.3 கிலோ, அதுவும் தண்ணீர் எடை இல்லாமல்.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பழைய ‘பருப்பு கூடாது, முட்டை கூடாது’ பட்டியலைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் வீட்டில். அது டயாலிசிஸுக்கு முந்திய காலத்துக்கு. இப்போது கிலோவுக்குப் புரதம் குறைந்தது 1.0–1.2 கிராம் வேண்டும், 46 கிலோவுக்குச் சுமார் 46–55 கிராம். முட்டை வெள்ளைக்கரு மூன்று, மீன் அல்லது கோழி ஒரு வேளை, பொட்டாசியத்துக்காகப் பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி வேகவைத்தது.

எடைக் குறியீடு 14-க்குப் பக்கத்தில் உள்ளவருக்கு மட்டும் வேகம் கூடாது. பல நாள் சாப்பிடாதவருக்கு ஒரே நாளில் முழுச் சாப்பாடு ஏற்றினால் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயம் தடுமாறும். கிலோவுக்கு 5–10 கலோரியில் தொடங்கி வாரத்தில் ஏற்றுங்கள், முதல் உருண்டைக்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) 200–300 மி.கி. டயாலிசிஸ் நோயாளியிடம் செவலமரையும் அப்போது மறுபடி கணக்கிட வேண்டும். சாப்பிடாத ஆளுக்குப் பாஸ்பேட்டைப் பிடித்திழுக்கும் மாத்திரை எதற்கு?

#19 ஏஆர்டி_மையம்

எச்ஐவியில் மூளைக்காய்ச்சல் இல்லாத டி.பி. என்றால் டி.பி. மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஏஆர்டி, சிடி4 எதுவானாலும். ரிஃபாம்பிசின் ஓடும்போது ஏஆர்டி மருந்தான டொலுடெக்ராவிர் 50 மி.கி. தினம் ஒன்று என்பது 12 மணி நேரத்துக்கு ஒன்றாகும்.

ஏஆர்டி தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் திரும்பி, கட்டி பெரிதாகி, எக்ஸ்ரே மோசமானால் எதிர்ப்புச் சக்தி எழுந்து கிருமியோடு மோதுவதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை ஒட்டும் முன் மருந்து எதிர்ப்பு, விட்டுப்போன மாத்திரை, வேறு தொற்று மூன்றையும் விலக்குங்கள். பிறகு பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1.5 மி.கி. இரண்டு வாரம், பாதியாக இன்னும் இரண்டு வாரம். இரண்டு மருந்தையும் நிறுத்த வேண்டியதில்லை.

#20 மெடிசின்_பிஜி

கல்லீரல் என்சைம் ஏறினால்?

#21 நெஞ்சுநோய்_டாக்டர்

தொடங்கும் முன் எல்எஃப்டி (கல்லீரல் டெஸ்ட்), ஹெபடைடிஸ் பி, சி. டயாலிசிஸ்காரருக்கு அவசியம். வாந்தி, மஞ்சள், வலி இருந்தால் என்சைம் இயல்பு உச்சத்தின் 3 மடங்கிலும், அறிகுறி இல்லாவிட்டால் 5 மடங்கிலும் மூன்று மருந்தையும் நிறுத்துங்கள், எத்தாம்பியூட்டால் இருக்கலாம். 2 மடங்குக்குக் கீழ் வந்ததும் ரிஃபாம்பிசின் முதலில், 3–7 நாள் கழித்து என்சைம் பார்த்து ஐசோநியாசிட். முதல் தடவை தாக்கம் கடுமையாக இருந்தால் பைராசினமைடு திரும்ப வேண்டாம், 9 மாதக் கணக்குக்குப் போய்விடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் திரும்பத் தொடங்கி எது குற்றவாளி என்று தெரியாமல் முழிப்பது வேண்டாம்.

#1 நோயாளிக்கு நான் எழுதுவது: அட்மிஷன், உப்புநீர் சளி அல்லது பிராங்கோஸ்கோபி, சிபிநாட், கல்ச்சர், சிடி. இரண்டு மூன்று நாளில் இதெல்லாம் முடியும். கிருமி கிடைக்காவிட்டாலும், பாக்டீரியா இல்லை என்று தெளிவாகி ஆள் சரிந்துகொண்டிருந்தால் #8 கணக்கில் தொடங்கிவிடுவேன், கல்ச்சருக்காகக் காத்திருக்க மாட்டேன்.

#22 கூட்டுமருந்து

சிகிச்சை முடியும் நாளுக்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிடுங்கள். ரிஃபாம்பிசின் நிறுத்திய பிறகு அந்தத் தின்னும் வேகம் அடங்க இரண்டு வாரம் ஆகும். அதற்குள் டொலுடெக்ராவிரை ஒன்றாக்கக் கூடாது, இரண்டு வாரம் இரண்டாகவே போகட்டும். ஏற்றி வைத்த டாக்ரோலிமஸ், வார்ஃபரின், பிரெட்னிசோலோன், பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் அந்த இரண்டு வாரத்தில் படிப்படியாக இறக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து நிக்ஷயில் ‘குணமானார்’ என்று மூடிய அடுத்த வாரம் வார்ஃபரினால் இரத்தக் கசிவோடு வருபவர்கள் இதனால்தான். டி.பி. கார்டின் கடைசிப் பக்கத்திலேயே எந்த மாத்திரையை எவ்வளவு ஏற்றினோம் என்று எழுதிவிட்டால் இறக்குபவருக்கு வேலை சுலபம்.